பாராதைராய்டு ஸ்கேன்: நோயைச் சொல்வது ரத்தம், இடத்தைச் சொல்வது படம்

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 11.4 என்று வருகிறது. பாராதைராய்டு ஹார்மோனும் கூடுதலாக இருக்கிறது. மருத்துவர் கழுத்துக்கு ஸ்கேன் எழுதித் தருகிறார். இரண்டு நாளில் ரிப்போர்ட் கைக்கு வருகிறது: பாராதைராய்டு கட்டி எதுவும் தென்படவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்” என்று உறவினர்களுக்குப் போன் போகிறது. மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டிய தேதி தள்ளிப்போகிறது. சிலர் போவதையே விட்டுவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்துச் சிறுநீரகக் கல்லோடோ, முறிந்த மணிக்கட்டோடோ வந்து சேர்கிறார்கள்.

அந்த நிம்மதிக்கு அடிப்படையே கிடையாது. பாராதைராய்டு மிகைச்சுரப்பு என்ற இந்த நோயில் கழுத்து ஸ்கேன் எடுப்பது நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக அல்ல. அதை ரத்தம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கோளாறு செய்கிற சுரப்பி கழுத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறுவை மருத்துவருக்குக் காட்டுவதற்காகத்தான் ஸ்கேன். படத்தில் தெரியாவிட்டாலும் நோய் இருக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ரத்தம் எப்படிச் சொல்கிறது?

தைராய்டு சுரப்பியின் பின்பக்கமாக, பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசிமணி அளவு. எடை 30 முதல் 50 மில்லிகிராம். பெயரில் தைராய்டு இருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் பொறுப்பு. கால்சியம் சற்றுக் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும், வைட்டமின் டி வழியாகக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். கால்சியம் போதிய அளவுக்கு வந்ததும் சுரப்பு அடங்கிவிடும்.

பெரியவர்களுக்கு ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் இந்த எல்லை சிறிது மாறும். கால்சியம் இதற்கு மேல் போனால் பாராதைராய்டு ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் அதுவும் மேலே இருக்கிறது என்றால், ஏதோ ஒரு சுரப்பி கட்டுப்பாட்டை மீறிச் சுரந்துகொண்டிருக்கிறது. கால்சியம் கூடுதலாக இருக்கும்போது ஹார்மோன் ‘இயல்பு’ எல்லைக்குள் இருந்தாலும் அது இயல்பல்ல; அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் அடங்கவில்லை. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்பதால் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதே தோற்றத்தைத் தரும் வேறு சில நிலைகளும் உண்டு. லித்தியம் மாத்திரையும் சில வகைச் சிறுநீர்பெருக்கி மாத்திரைகளும் கால்சியத்தைக் கூட்டும். வைட்டமின் டி குறைவு ஹார்மோனைக் கூட்டும். பரம்பரையாக வரும் ஒரு நிலையில் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாக வெளியேறி, ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். அவர்களுக்கு அறுவை சிகிச்சையால் எந்தப் பயனும் இல்லை. அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அந்தப் பெரிய பாட்டிலைப் பார்த்து அலுத்துக்கொண்டு தவிர்த்துவிடாதீர்கள். அதைச் செய்யாமல் நேரே ஸ்கேனுக்குப் போய், படத்தில் தெரிந்த ஏதோ ஒரு தைராய்டு முடிச்சைப் பாராதைராய்டு என்று நினைத்துக் கழுத்தைத் திறப்பது, நடக்கவே கூடாத ஒன்று.

ஏன் தேட வேண்டியிருக்கிறது?

பாராதைராய்டு மிகைச்சுரப்பு உள்ளவர்களில் 80 முதல் 85 சதவீதத்தினருக்கு ஒரே ஒரு சுரப்பிதான் வீங்கியிருக்கும். அதற்கு அடினோமா என்று பெயர். புற்றுநோய் அல்லாத கட்டி. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சுரப்பிகளில் கோளாறு இருக்கும். புற்றுநோய் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான்.

எந்த ஒன்று என்று முன்கூட்டியே தெரிந்தால், கழுத்தில் சிறு வெட்டுப் போட்டு நேரே அங்கே போய் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் திறந்து நான்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்கேன் தரும் ஆதாயம் இதுதான். அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானவருக்குக் கழுத்து ஸ்கேன் தேவையே இல்லை என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

சுரப்பி சிறியது என்பது ஒரு சிரமம். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய சிரமம். கருவில் கீழ் இரண்டு பாராதைராய்டுகளும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து உருவாகின்றன. தைமஸ் மார்புக்குள் இறங்கும்போது இவையும் கூடவே இறங்கி, வழியில் தைராய்டின் கீழ்முனை அருகே நின்றுவிட வேண்டும். சில நேரம் நிற்காமல் மார்புக்குள்ளேயே போய்விடும். சில நேரம் இறங்காமல் தாடைக்குக் கீழேயே தங்கிவிடும். தைராய்டுக்குள்ளேயே புதைந்திருப்பதும் உண்டு.

இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு துயரமான சாட்சி இருக்கிறார். சார்லஸ் மார்ட்டெல் அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்றின் கேப்டன். நல்ல உயரமும் உடற்கட்டும் கொண்டவர். எலும்புகள் கரைந்து கரைந்து அவருடைய உயரம் ஏழு அங்குலம் குறைந்துபோனது. 1926 தொடங்கி அவருடைய கழுத்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்கள். ஆறு முறை தேடியும் கட்டி கிடைக்கவில்லை. 1932-ல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏழாவது முறையாக மார்பைத் திறந்தபோதுதான், நெஞ்செலும்புக்குப் பின்னால் அது இருப்பதைக் கண்டார்கள். அதற்குள் சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். இன்றாக இருந்தால், அறுவைக்கு முன் மார்பு வரை எடுக்கும் ஒரு ஸ்கேன் அதைக் காட்டியிருக்கக்கூடும்; அந்த ஆறு வெட்டுகளும் தேவைப்பட்டிருக்காது.

முதலில் அல்ட்ராசவுண்ட்

கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். தோளுக்குக் கீழே தலையணை வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கச் சொல்வார்கள். ஜெல் தடவி, அதிக அதிர்வெண் கொண்ட கருவியைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இயல்பான பாராதைராய்டு பொதுவாக இதில் தெரியாது. வீங்கிய சுரப்பி, தைராய்டைவிடக் கறுத்த, நீள்வட்டமான ஒரு பகுதியாகத் தைராய்டின் பின்னால் தெரியும். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டால், அதன் ஒரு முனை வழியாக ஒரு தனி ரத்தக்குழாய் உள்ளே நுழைவதைக் காணலாம். நிணநீர்க் கணுவுக்கு ரத்தக்குழாய் நடுவில் நுழையும். பாராதைராய்டுக்கு முனையில் நுழையும். திறமையான மருத்துவர் இந்த ஒரு நுணுக்கத்தை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

ஒலி அலை எலும்பையும் காற்றையும் தாண்டிப் போகாது. ஆகவே நெஞ்செலும்புக்குப் பின்னாலும், மூச்சுக்குழாய்க்குப் பின்னாலும் ஒளிந்திருப்பதை இது காட்டாது. மார்ட்டெலின் கட்டியும் இதில் அகப்பட்டிருக்காது. தைராய்டில் நிறைய முடிச்சுகள் இருந்தாலும் குழப்பம்தான். பார்க்கிறவரின் அனுபவத்தைப் பொறுத்து விடை மாறும் சோதனை இது. அதனால் சீட்டில் வெறுமனே ‘கழுத்து ஸ்கேன்’ என்று இருந்தால், பாராதைராய்டுக்காக என்றும், கால்சியம், ஹார்மோன் அளவுகளையும் சேர்த்து எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுகிற கண் வேறு. பொதுவாகப் பார்க்கிற கண் வேறு.

அல்ட்ராசவுண்டில் ஏதோ தெரிந்ததும் “ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாமா?” என்ற கேள்வி எழும். பாராதைராய்டில் அது பொதுவாக வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொண்டு அறுவையைக் கடினமாக்கும். செல்கள் சிதறிப் பரவவும் வாய்ப்புண்டு.

செஸ்டமிபி ஸ்கேன்: இரண்டு மணி நேரக் காத்திருப்பு

அணு மருத்துவத் துறையில் எடுக்கப்படும் இந்த ஸ்கேன்தான் பலரை மிரள வைக்கிறது. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டதும் பயம் வருவது இயற்கை. அதனால் இதைச் சற்று நின்று பார்ப்போம்.

மருந்தில் இரண்டு பகுதிகள். ஒன்று டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம். மாலிப்டினம்-99 சிதையும்போது இது பிறக்கிறது. ஈயக் கவசம் போட்ட கலனில் மாலிப்டினம் மருத்துவமனைக்கு வரும். அதிலிருந்து தேவைக்கேற்ப டெக்னீசியத்தைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். மறுநாள் இதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். சிறுநீர், மலம் வழியாக வெளியேறுவதையும் சேர்த்தால் அதையும்விடக் குறைவு. இரண்டாவது பகுதி செஸ்டமிபி என்ற மூலக்கூறு. இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இதை உருவாக்கினார்கள். பாராதைராய்டு கட்டியிலும் இது சேர்வதை 1980-களின் இறுதியில் கவனித்தார்கள்.

காரணம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தி செய்யும் இந்த நுண்ணுறுப்பு, இதயத் தசையில் மிகுதி. பாராதைராய்டு அடினோமாவின் சில செல்களிலும் மிகுதி. நேர்மின்சுமை கொண்ட செஸ்டமிபி இதற்குள் போய்த் தங்குகிறது. தைராய்டும் இந்த மருந்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சீக்கிரம் விட்டுவிடுகிறது. அடினோமா விடாமல் வைத்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் சோதனை முழுவதும் நடக்கிறது.

கை நரம்பில் ஊசி போட்ட சில நொடிகளில் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும், உடனே போய்விடும். 10 அல்லது 15 நிமிடத்தில் முதல் படம். திரையில் தைராய்டின் இரண்டு மடல்களும் பளிச்சென்று தெரியும். மேலே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கீழே இதயமும் ஒளிரும். இந்தப் படத்தில் அடினோமா தைராய்டின் ஒளியில் மறைந்தே இருக்கலாம். பிறகு எழுந்து வெளியே உட்காரலாம், சாப்பிடலாம். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த படம். இப்போது தைராய்டு மங்கியிருக்கும். வலது மடலின் கீழ்முனை இருந்த இடத்தில், எல்லாம் அணைந்தபின்னும் ஒரே ஒரு புள்ளி மட்டும் அணையாமல் இருந்தால், அதுதான் தேடியது.

இந்தப் புள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தட்டையான படம் சொல்லாது. கேமரா கழுத்தைச் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் எடுத்து, அதோடு சி.டி. படத்தையும் பொருத்தினால் உணவுக்குழாய்க்கு அருகிலா, நெஞ்செலும்புக்குப் பின்னாலா என்று தெரியும். ஸ்பெக்ட்-சி.டி. என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான். இந்த வசதி உள்ள இடத்தில் எடுப்பது நல்லது. மார்பு வரை படம் எடுத்தார்களா என்றும் பாருங்கள்.

கதிர்வீச்சின் அளவு மருந்தின் அளவைப் பொறுத்தது; வழக்கமாகச் சுமார் 6, 7 மில்லிசீவர்ட், சி.டி. சேர்ந்தால் சற்றுக் கூடும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அவசியமான சோதனைக்கு இது ஏற்கத்தக்க அளவுதான். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். பாலூட்டும் தாய்மார்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்று நிறைய தண்ணீர் குடிப்பதும், கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுச் சற்று விலகியிருப்பதும் போதுமான முன்னெச்சரிக்கை.

இந்தச் சோதனை தவறும் இடங்களும் தெளிவாகத் தெரிந்தவைதான். கட்டி மிகச் சிறியதாக இருந்தால் தவறும். மைட்டோகாண்ட்ரியா மிகுந்த செல்கள் குறைவாக இருந்தால், அடினோமாவும் தைராய்டைப் போலவே மருந்தை விட்டுவிடும். நான்கு சுரப்பிகளும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியிருந்தால் எதுவுமே தனித்துத் தெரியாது. மாறாக, சில தைராய்டு முடிச்சுகள் மருந்தைப் பிடித்துவைத்து அடினோமா போலக் காட்சி தரும். ஆகவே அல்ட்ராசவுண்டும் செஸ்டமிபியும் ஒரே இடத்தைக் காட்டினால் அறுவை மருத்துவர் துணிந்து சிறு வெட்டுப் போடுகிறார். இரண்டும் வேறு வேறு சொன்னால் யோசிக்கிறார்.

அடுத்த கட்டம்

யோசிக்க வேண்டிய நிலையில் உதவுவது நான்கு பரிமாண சி.டி. நான்காவது பரிமாணம் காலம். சாயமருந்து ஏற்றும் முன் ஒரு படம், ஏற்றிய அரை நிமிடத்துக்குள் ஒன்று, இன்னும் சற்றுக் கழித்து ஒன்று. தைராய்டில் இயல்பாகவே அயோடின் இருப்பதால் முதல் படத்தில் அது வெளுப்பாகவும், அடினோமா அதைவிடக் கறுப்பாகவும் தெரியும். ரத்த ஓட்டம் மிகுந்த அடினோமா இரண்டாவது படத்தில் சட்டென்று ஒளிர்ந்து, மூன்றாவதில் மங்கிவிடும். நிணநீர்க் கணு மெதுவாகத்தான் ஒளிரும். மிகச் சிறிய கட்டியையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இந்த நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் எடுக்கக் கூடாது. தைராய்டின் மேல் படும் கதிர்வீச்சும் கணிசமானது என்பதால் இளம் வயதினருக்குத் தயங்கித்தான் எழுதுவார்கள். கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி, தோடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். உலோகம் இருந்தால் படம் கோடு கோடாகச் சிதறும். தேடுகிற இடமே அங்கேதான் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் வந்து, தேர்ச்சியில் மற்றவற்றை முந்தியிருப்பது கோலின் பெட் ஸ்கேன். செல்சவ்வு கட்டுவதற்கு வேண்டிய கோலினோடு ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக இந்த ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகப் பாராதைராய்டு கட்டி ஒளிர்ந்ததிலிருந்து இந்த வழி பிறந்தது. செஸ்டமிபியில் தெரியாத சிறு கட்டிகள் பலவும் இதில் தெரிகின்றன. ஃபுளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும்; அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோக முடியாது. அதனால் பெரிய நகரங்களில்தான் கிடைக்கும், செலவும் கூடுதல். முதல் இரண்டு சோதனைகளும் கைவிட்டபோது, வாய்ப்புள்ளவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. இதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் சில நேரம்.

கழுத்துக்கு வெளியே எடுக்கும் படங்கள்

அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற முடிவைக் கழுத்துப் படம் எடுப்பதில்லை. எலும்பும் சிறுநீரகமும்தான் எடுக்கின்றன. சிறுநீரகத்தில் கல், எலும்புத் தேய்மானம், 50-க்குக் குறைந்த வயது, இயல்பின் மேல்எல்லையைவிட 1 மில்லிகிராமுக்கும் கூடுதலான கால்சியம் — இவற்றில் ஒன்று இருந்தாலே, உடம்பில் வேறு தொந்தரவு தெரியாவிட்டாலும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே வயிற்று ஸ்கேனும் எலும்பு அடர்த்திச் சோதனையும் முக்கியம். அடர்த்திச் சோதனையில் வழக்கமாக இடுப்பையும் முதுகெலும்பையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பாராதைராய்டு ஹார்மோன் அதிகம் அரிப்பது எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியை. அது முன்கையில்தான் நன்றாகத் தெரியும். முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வளர்ந்த நாடுகளில் 1970-களில் ரத்தக் கால்சியம் வழக்கமான பரிசோதனை ஆனதிலிருந்து, தொந்தரவு தொடங்கும் முன்பே நோய் பிடிபடுகிறது. இந்தியாவில் எலும்பு கெட்டபிறகு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; வைட்டமின் டி குறைவு நிலைமையை மோசமாக்குகிறது. அவர்களுடைய கை எக்ஸ்ரேயில் ஆள்காட்டி விரல், நடுவிரல் எலும்புகளின் கட்டைவிரல் பக்க ஓரம் அரித்திருக்கும். தாடையிலோ காலிலோ எலும்பைக் குடைந்து ஒரு கட்டி தெரியும். அதைப் புற்றுநோய் என்று நினைத்து அஞ்சிய குடும்பங்கள் உண்டு. ஒரு கால்சியம் சோதனை அந்த அச்சத்தைத் தீர்த்துவைக்கும். சுரப்பியை எடுத்தபின் அந்தக் கட்டியும் பெரும்பாலும் ஆறிவிடும்.

எதிலும் தெரியாவிட்டால்?

அனுபவமுள்ள அறுவை மருத்துவரின் கையில், படமே இல்லாமல் நான்கு சுரப்பிகளையும் தேடிப் பார்க்கும் பழைய முறையே 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி தந்திருக்கிறது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் டாப்மன், இடம் கண்டறியத் தேவையான ஒரே சோதனை நல்ல பாராதைராய்டு அறுவை மருத்துவரின் இடத்தைக் கண்டறிவதுதான் என்ற கருத்தைச் சொன்னார். படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஸ்கேனைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பதைவிட, இந்த அறுவையை அடிக்கடி செய்கிற ஒருவரைத் தேடிப் போவது மேல்.

அறுவை அரங்கிலும் ரத்தம் துணைக்கு வருகிறது. பாராதைராய்டு ஹார்மோன் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்துச் சோதித்தால், அளவு பாதிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் இன்னொன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். தையல் போடாமல் மேலும் தேடுவார்கள்.

படம் தவிர்க்கவே முடியாததாகும் ஒரு சூழல் உண்டு: ஒருமுறை அறுவை செய்தும் கால்சியம் இறங்காதவர்கள். தழும்பு நிறைந்த கழுத்தில் கண்ணை மட்டும் நம்பித் தேட முடியாது. குரல் நரம்பு சேதமாகும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வேறு வகைச் சோதனைகள் ஒரே இடத்தைக் காட்டும் வரை காத்திருப்பார்கள். அப்படியும் அகப்படாவிட்டால், கழுத்து, மார்புச் சிரைகளில் பல இடங்களிலிருந்து ரத்தம் எடுத்து, எந்தப் பக்கம் ஹார்மோன் கூடுதல் என்று பார்ப்பார்கள். அந்த நிலைக்கு வந்தவர்கள் புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடுகள், முதல் அறுவையின் குறிப்பு, எடுத்த திசுவின் நோய்க்குறியியல் அறிக்கை மூன்றையும் கொண்டுபோக வேண்டும். எந்தச் சுரப்பியை ஏற்கெனவே எடுத்தார்கள், எதைப் பார்த்துவிட்டு விட்டுவைத்தார்கள் என்பது அந்தத் தாள்களில்தான் இருக்கும்.